மூலையில் நின்ற யானை

செவிலியரான என் அத்தை, செஸ் கிளப்பின் இறுதி ஆட்டத்தில் மருந்துக்கடைக்காரரிடம் தோற்றுப் போனார். ஜெயிக்க வேண்டிய ஆட்டம் என்பதால் மனசு ஆறவில்லை. குறித்து வைத்திருந்த நகர்வுகளைத் தினமும் காலையில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படிப்பார். பஸ் ஓட்டும் மாமா அதன்படி காய்களை நகர்த்துவார். மாமாவுக்குச் செஸ்ஸில் அரிச்சுவடிகூடத் தெரியாது.

"ராணியைப் பறிகொடுத்தேன் பாருங்க, அங்கதான் கோட்டை விட்டேன்" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டார்.

"அது இருக்கட்டும்மா. இந்த யானை ஏன் மூலையை விட்டு அசையவே இல்ல? பிரேக்டவுனா?" என்றார் மாமா.

அத்தை குறிப்பை முதல் நகர்விலிருந்து மறுபடி பார்த்தார். தொடக்கத்தில் ராணியை மட்டும் அலையவிட்டு, குதிரையையும் பிஷப்பையும் வெளியே எடுக்காததால் யானைக்கு வழியே இல்லை. தப்பு ஓப்பனிங்கிலேயே நடந்திருந்தது.

அடுத்த போட்டியில் அதே மருந்துக்கடைக்காரருடன் மோதியபோது, அத்தை அந்த இரண்டு காய்களையும் முதலில் இறக்கினார். ஆட்டம் டிராவில்தான் முடிந்தது. ஆனாலும் வேடிக்கை பார்க்க வந்த மாமா, கோப்பையே வாங்கியவர் மாதிரி எல்லோருக்கும் கைகொடுத்தார்.

"யாருங்க உங்க கோச்?" என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார்.

அத்தை சிரித்துக்கொண்டே மாமாவைக் காட்டினார்.