காலண்டரில் இடம் கிடைக்காத கார்டு பெட்டி

கூட்ஸ் ரயில் கார்டு சங்கரலிங்கம் அவர்கள் காலமான செய்தி, சென்ற செவ்வாய்க்கிழமை காலை, சிவகாசியில் நான் படம் வரையும் அச்சகத்துக்கு வந்தது. அடுத்த வருடக் காலண்டருக்காக ஒரு லட்சுமிக்கு நகை தீட்டிக்கொண்டிருந்தேன். ஸ்டேஷனில் லோடு இறக்கிவிட்டுத் திரும்பிய வண்டிக்காரர் வாசலில் நின்றபடியே, "ஆர்ட்டிஸ்ட் அய்யா, நம்ம கார்டு அண்ணாச்சி விருதுநகர்ல தவறிட்டாகளாம். நெஞ்சுவலின்னு சொல்லுதாக" என்றார். பக்கத்திலிருந்த ஒருவர், "யாரு, வாலறுந்த கார்டா?" என்று கேட்டார். அந்தப் பட்டப்பெயர் அவருக்கு வந்ததற்கு நான்தான் காரணம். அதைச் சொல்லாமல் அவருக்கு அஞ்சலி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சரக்கு ரயிலின் கடைசியில், தாழ்வாரம் வைத்த சின்ன வீடு போல ஒரு பெட்டி வருமே, அதுதான் கார்டு பெட்டி. அதில்தான் விருதுநகருக்கும் தென்காசிக்கும் நடுவே தம் வாழ்நாளில் பாதியை அவர் கழித்தார். மற்ற கார்டுகள் அதில் திட்டிக்கொண்டே ஏறுவார்கள். குலுக்கி எடுக்கும், புழுதி அப்பும், வெயிலில் தகரம் கொதிக்கும். இவரோ அந்தப் பெட்டியைக் காதலித்தார். வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

ஐம்பதுகளின் தொடக்கத்தில், தீப்பெட்டி லேபிளுக்கு ஒரு ரயில் வரைவதற்காக சிவகாசி ஸ்டேஷனில் போய் உட்கார்ந்திருந்தேன். எஞ்சினை ஆணி ஆணியாக வரைந்தேன். பிறகு நாலு பெட்டி, அதற்கப்புறம் கொஞ்சம் புகை என்று முடித்துவிட்டேன். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "எஞ்சின் அருமையா இருக்கு ஆர்ட்டிஸ்ட். நான் எங்க இருக்கேன்?" திரும்பினால், கக்கத்தில் இரண்டு கொடிகளோடு அவர் நின்றார். என் கையைப் பிடித்து வண்டியின் கடைசிவரை நடத்திக்கொண்டு போய்த் தம் பெட்டியில் ஏற்றினார். "சாப்பிட்டீகளா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் பெட்டியின் சரித்திரத்தைத் தொடங்கிவிட்டார்.

"அந்தக் காலத்துல எஞ்சினுக்குப் பிரேக் உண்டு, இந்தப் பெட்டிக்கு உண்டு. நடுவுல ஒண்ணுக்கும் கிடையாது. டிரைவர் விசில் குடுப்பாரு, கார்டு இந்தச் சக்கரத்தச் சுத்தணும். மேட்டுல பெட்டியோட பெட்டிய மாட்டுற கொக்கி அறுந்துச்சுன்னா, பின்னால உருளுற அம்புட்டுப் பெட்டியையும் ஒத்த ஆளா இவன்தான் நிறுத்தணும்."

பழைய ரயில்வேப் பத்திரிகைகளை எங்கிருந்தெல்லாமோ வாங்கிச் சேர்த்திருந்தார். அமெரிக்காவில் இந்தப் பெட்டியை ‘கபூஸ்’ என்பார்களாம். கப்பலின் அடுப்படிக்கு இருந்த பெயராம் அது. உள்ளே அடுப்பும் படுக்கையும் உண்டு, கூரைமேல் ஒரு கண்ணாடிக் கூண்டும் உண்டு. ஏதோ ஒரு கார்டு கூரை ஓட்டை வழியே தலையை நீட்டி வண்டியைப் பார்த்து வந்தாராம், அதிலிருந்துதான் அந்தக் கூண்டு பிறந்ததாம். இதைச் சொல்லும்போது அவரும் எழுந்து கழுத்தை நீட்டிக் காட்டுவார். இந்தப் பெட்டிகளைப் பார்ப்பதற்கென்றே அமெரிக்காவில் ஊர் ஊராக அலைகிற ஆட்கள் உண்டு என்பதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. நம் பக்கத்தில் அப்படி அலைந்தவர் அவர் ஒருவர்தான். அவரைக் கிறுக்கு என்றார்கள்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. "எஞ்சின் படத்த எல்லா வீட்டுலயும் மாட்டியிருக்காக. எங்க பெட்டிய ஒரு செவுத்துல பாத்துட்டாப் போதும், நிம்மதியா ரிடையர் ஆயிருவேன்" என்பார்.

அவர் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம், ஒரு பட்டாசுக் கம்பெனி காலண்டருக்கு ரயில் படம் கேட்டது. இடப்பக்கம் எஞ்சின், வலப்பக்கக் கடைசியில் கார்டு பெட்டி என்று முழு வண்டியையும் வரைந்தேன். லீவு நாளெல்லாம் அண்ணாச்சி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். விளக்கு மாட்டும் கொக்கி எந்த உயரம், படி எத்தனை என்று நூல் பிடித்து அளந்துகொண்டு வந்து சொன்னார். லைன் முழுக்க எல்லாரிடமும், "எங்க பெட்டி காலண்டர்ல வருது" என்று சொல்லிவைத்தார்.

படம் முடிந்ததும் முதலாளி பார்த்தார். "கம்பெனிக்காரருக்கு எஞ்சின் பெருசா வேணுமாம்யா. வாலப் பாத்தா எவன் பட்டாசு வாங்கப்போறான்? வலது பக்கம் வெட்டிரு" என்றார். நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. வேலை போய்விடும் என்று பயந்ததாகப் பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவர் குரலைக்கூட உயர்த்தவில்லை. பென்சிலை எடுத்து, கார்டு பெட்டிக்கு முன்னால், கொக்கியின்மேல் கோடு போட்டேன். அண்ணாச்சிக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். அதையும் செய்யவில்லை.

விருதுநகரில் கார்டுகளும் டிரைவர்களும் தங்கும் அறையில் அந்தக் காலண்டரைப் பிரித்து மாட்டியபோது, அவர் எல்லாருக்கும் முன்னால் நின்றிருக்கிறார். ஒரு டிரைவர், "என்ன அண்ணாச்சி, ஒம்ம பெட்டி ஆமத்தூர் பக்கம் அவுந்து நின்னுட்டு போல?" என்றாராம். அறையே சிரித்திருக்கிறது. அன்று ஒட்டிய பெயர்தான் வாலறுந்த கார்டு.

மறுநாள் அச்சகத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "கடைசிப் பெட்டி இல்லாம வண்டி போனா, ஸ்டேசன் மாஸ்டர் அடுத்த வண்டிய விடமாட்டாரு, ஆர்ட்டிஸ்ட். பின்னால லைன்ல என்னமோ நிக்கின்னு அர்த்தம். இந்தப் படத்துல நாந்தான் நிக்கேன்" என்றார். பிறகு, "எப்படி ஆச்சு?" என்று கேட்டார்.

"கட்டிங் மெஷின்காரர் அளவு தெரியாமல் வெட்டிவிட்டார்" என்றேன். அவர் மெஷின் இருந்த பக்கம் பார்த்தார். "அவரக் கோவிச்சுக்கிடாதீக. புள்ளகுட்டிக்காரரு" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு அச்சகத்துக்கு வரவே இல்லை. அவர் வராதது எனக்கு வசதியாகவும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை பகலில் விருதுநகர் போனேன். கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டுச் சுவரில் அந்தக் காலண்டர், தேதித் தாளெல்லாம் கிழிபட்டு, வெறும் படமாகத் தொங்கியது. படத்தின் வலது விளிம்பை ஒட்டி, சுண்ணாம்புச் சுவரில், பென்சிலால் கார்டு பெட்டி வரைந்திருந்தது. நான் வெட்டிய இடத்தில் கொக்கியோடு கொக்கி சரியாகப் பொருந்தியிருந்தது. விளக்கு, படி, கைச்சக்கரம் ஒன்றும் விட்டுப்போகவில்லை.

அவருடைய மனைவி என்னைப் பார்த்து எழுந்தார். "நீங்கதான ஆர்ட்டிஸ்ட்? ஒங்களப் பத்திப் பேசாத நாளில்ல. ‘ஆர்ட்டிஸ்ட் முழுசாத்தான் வரஞ்சாரு, மெசின்காரருதான் தெரியாம வெட்டிட்டாரு’ன்னு வாரவுக போறவுக எல்லாத்துக்கிட்டயும் சொல்லுவாக" என்றார். நான் மாலையைப் போட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தேன்.

போய் வாருங்கள், அண்ணாச்சி. மெஷின்காரர் மேல் ஒரு தப்பும் இல்லை. கோடு போட்டது நான்.