அப்தோன் அறையின் ஒரு நிமிடம்

நெலிதா யாரங்காவோடு படப்பிடிப்புக்குப் போனவர்கள் அந்த ஒரு நிமிடத்துக்குப் பயப்படுவார்கள். ஆவணப்படங்களுக்கு ஒலிப்பதிவு செய்வது அவள் தொழில். ஒரு அறையில் பேட்டி முடிந்ததும் யாரையும் நகர விடமாட்டாள். வாயில் விரலை வைத்துவிட்டு, ஒரு நிமிடம் அந்த அறையின் வெறும் அமைதியைப் பதிவு செய்வாள். பேச்சை வெட்டி ஒட்டுகிற இடங்களை அதை வைத்துத்தான் நிரப்ப வேண்டும். யாராவது தும்மினால் தொலைந்தார்கள், மறுபடி முதலிலிருந்து. இருபத்தாறு வருடம் இப்படி உழைத்தும் பரிசு என்று ஒரு தகரத் துண்டுகூட வந்ததில்லை. மேடையேறுவதெல்லாம் காமிராக்காரர்கள்தான். அந்த வயிற்றெரிச்சல் அவளுக்கு உண்டு, அதை மறைக்கவும் மாட்டாள்.

மலையூரான உவாந்தாவில் தியோதோசியா என்ற கிழவியின் வீட்டுக்குப் போனது அப்படி ஒரு படத்துக்காகத்தான். அவளுடைய மகன் அப்தோனை, பத்தொன்பது வயதில், ராணுவ லாரியில் வந்தவர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். முப்பத்தெட்டு வருடமாகியும் ஓர் எலும்புகூடத் திரும்பவில்லை. எத்தனையோ பேர் கெஞ்சியும் அவன் அறையைத் திறக்காதவள், நெலிதாவின் மைக்கைப் பார்த்ததும் சாவியை எடுத்தாள். எல்லாச் சத்தத்தையும் இது பிடிக்குமா என்று மட்டும் கேட்டாள். பிடிக்கும் என்றாள் நெலிதா.

தலைநகர் லிமாவுக்குத் திரும்பிப் பதிவைக் கேட்டபோது, அந்த ஒரு நிமிட அமைதியில் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். அறையில் இருந்தது மூன்றே பேர். காமிராக்காரன் ரோமுலோவின் மூச்சில் விசில் இருக்கும். தியோதோசியாவுக்கு இழுப்பு. நெலிதாவோ மைக்குக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். இது சளி பிடித்த மூக்கு, அதுவும் மைக்குக்கு ஒரு சாண் பக்கத்தில்.

எட்டு முறை கேட்டாள். அப்புறம் பயத்தை ரோஷம் ஜெயித்துவிட்டது. விருதுக்குப் போகிற படம், மூச்சுச் சத்தத்தைக்கூடத் தவிர்க்கத் தெரியாதவள் என்று எவனாவது சொல்லிவிட்டால்? கணினியில் அந்த மூச்சைத் துடைத்தெடுத்தாள். துடைத்ததைத் தனியாக எடுத்து வைத்தாள். எதையும் தூக்கி எறிகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

அந்த வருடம் சிறந்த ஒலிக்கான விருது அவளுக்கே கிடைத்தது. இத்தனை சுத்தமான மௌனத்தைக் கேட்டதே இல்லை என்று நடுவர் உருகினார். மௌனத்தைப் பற்றி இவர்களுக்கு என்ன தெரியும்! அப்தோனின் அறைக் காட்சியைத் திரையிட்டார்கள், அரங்கமே எழுந்து கைதட்டியது. விழாவுக்காக லிமா வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தியோதோசியா மட்டும் எழவில்லை. நெலிதா இறங்கி வந்ததும் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அப்தோன் எங்க?"

"என்னம்மா சொல்றீங்க?"

"அன்னிக்கு ரூம்லதானே இருந்தான். தினமும் எனக்குக் கேக்கும். ஊரே என்னைப் பைத்தியம்னுச்சு. உன் மெஷினுக்காவது கேக்கட்டும்னுதான் கதவத் தொறந்தேன். நீயும் அவன எடுத்துட்டுப் போயிட்டியா?"

இருபத்தாறு வருடம் ஏங்கிய விருது நெலிதாவின் கையில் இருந்தது, அதைத் தொடவே கூசியது.

பத்து நாள் கழித்து உவாந்தாவிலிருந்து பக்கத்து வீட்டுக்காரி போன் செய்தாள். கிழவி லிமா போய் வந்த நாளிலிருந்து அந்த அறையில் சத்தமே இல்லை என்கிறாளாம், சாப்பாட்டைத் தொடுவதில்லையாம். நெலிதா அன்றைக்கே பஸ் ஏறினாள். விருதை வீட்டிலேயே விட்டுவிட்டு, ஒரு சிறிய ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டாள்.

போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். வந்தவர்களுக்கு அவித்த சோளமாவது நீட்டாமல் விடமாட்டாள் தியோதோசியா. அன்று ஒன்றும் நீட்டவில்லை.

"கொண்டாந்தியா?"

"கொண்டாந்திருக்கேம்மா."

அப்தோனின் கட்டில்மேல் ஸ்பீக்கரை வைத்து, துடைத்தெடுத்ததைப் போட்டாள். அறையில் மூச்சு எழுந்தது. ஏறியது, இறங்கியது, நடுவில் ஒருமுறை மூக்கை உறிஞ்சியது.

"சளி," என்றாள் தியோதோசியா. "அவனக் கொண்டு போன அன்னிக்கும் சளிதான். போர்வையக்கூட எடுத்துக்க விடல."

ஒரு நிமிடம் முடிந்தது. நெலிதா ஸ்பீக்கரை அணைத்து மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். விளக்குகூட எரியவில்லை அதில்.

மூச்சு நிற்கவில்லை. கட்டிலிலிருந்து வந்துகொண்டே இருந்தது.

நெலிதா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தியோதோசியா வாயில் விரலை வைத்தாள்.