சட்டைக்காரர்கள் நின்ற அறை

எனக்கு எட்டு வயது நடக்கும்போது அம்மா மறுபடி பிள்ளையுண்டானாள். விழுப்புரத்தில் எங்கள் வீடு ஒரு கூடமும் ஓர் அறையும்தான். பிரசவ நேரத்தில் நான் காலுக்குள் புகுந்து ஓடிக்கொண்டிருந்தால் சரிப்படாது என்று, கோடை விடுமுறைக்கு என்னைத் திண்டிவனத்தில் சின்னம்மாவிடம் கொண்டுபோய் விட்டார் அப்பா. அவர் கோர்ட்டில் குமாஸ்தா. எதையும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். அன்று வாசலில் நின்றபடியே, ஜாக்கிரதை என்று என்னிடமா சின்னம்மாவிடமா என்று தெரியாதபடி சொல்லிவிட்டு அடுத்த ரயிலுக்குப் போய்விட்டார்.

சின்னம்மா அம்மாவின் தங்கை. சிறு வயதில் கல்யாணமாகி, புருஷன் வீட்டுக்குப் போகும் முன்பே அந்தப் பையன் விஷ ஜுரத்தில் போய்விட்டான். அவன் முகம் தனக்கு ஞாபகமில்லை என்று ஒருமுறை அவள் சொன்னதற்கு அம்மா அவள் வாயைப் பொத்தினாள். தாத்தா மட்டும் ஊர்ப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல் அவளைப் படிக்க வைத்தார். மிஷன் பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர் வேலை. பள்ளிக் காம்பவுண்டுக்குள்ளேயே சின்னதாக ஓட்டு வீடு. வெள்ளைப் புடவை, வெறும் நெற்றி. தன் சமையலைத் தானே சமைத்துக்கொள்ள வேண்டும், வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவளாகிவிடக்கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளின்பேரில் வீட்டில் அவளை விட்டு வைத்திருந்தார்கள்.

அந்த வருஷம் பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒரு கண்காட்சி ஏற்பாடாகியிருந்தது. இங்கிலீஷ்காரர்கள் ஆதிகாலம் தொட்டு எப்படியெல்லாம் உடுத்தினார்கள் என்று காட்ட வேண்டும் என்பது தலைமை ஆசிரியையான துரைசானியின் ஆசை. அவர் ஒரு படப் புத்தகத்தைச் சின்னம்மாவிடம் கொடுத்துவிட்டு, வெயிலுக்குப் பயந்து மலைக்குப் போய்விட்டார். சின்னம்மா பழைய திரைச்சீலை, கிழிந்த மேஜை விரிப்பு, கொசுவலை என்று கிடைத்ததையெல்லாம் வெட்டித் தைத்துக்கொண்டிருந்தாள். தைத்து முடித்ததை மூங்கில் சட்டங்களில் மாட்டி, கைக்குள் பஞ்சு அடைத்து, தையல் வகுப்பறையில் வரிசையாக நிறுத்தியிருந்தாள்.

ஒரு ராணி காலத்து உடைக்குக் கழுத்தைச் சுற்றித் தாம்பாளம் போல மடிப்பு மடிப்பாக ஒரு பட்டை. அரிசிக் கஞ்சி போட்டு விறைக்க வைத்திருந்ததால் எறும்பு சாரை சாரையாக அதில் ஏறும். அடுத்தது, உள்ளே பிரம்பு வளையங்கள் கட்டி, கோழிப் பஞ்சாரம் கவிழ்த்தது போல் விரிந்த பாவாடை. இன்னொன்றுக்கு இடுப்பை ஒரு கைப்பிடிக்குள் இறுக்கிவிட்டுப் பின்புறம் தலையணை வைத்துக் கட்டியிருந்தது. ஆண்பிள்ளைக்கு முழங்காலோடு நின்றுபோகும் கால்சட்டை. ஒரு ராஜா செத்ததும் கை அகலம் குறைந்தது, இன்னொரு ராஜா வந்ததும் கழுத்து இறங்கியது என்று சின்னம்மா ஊசியில் நூல் கோத்தபடி சொல்வாள். எங்கள் ராஜாக்கள் செத்தபோது என்ன குறைந்தது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

எதற்கும் தலை கிடையாது. எங்கள் பக்கத்தில் கூத்தாண்டவருக்குத் தலையை மட்டும் வைத்துக் கும்பிடுவார்கள். அதனால் உடம்பில்லாத தலை எனக்குப் பழக்கம்தான். தலையில்லாத உடம்புகளை அப்போதுதான் முதலில் பார்த்தேன். கழுத்தோடு முடிந்துபோய், கையை லேசாக மடக்கி, எதையோ கேட்டுக்கொண்டிருப்பது போல் நின்றன.

வரிசையின் கடைசியில் நின்றது மட்டும் சின்னம்மா தைத்ததல்ல. வெள்ளைக் கல்யாணக் கவுன். துரைசானியின் அக்காவுடையதாம். தகரப் பெட்டியில் கப்பலேறி வந்தது. வெள்ளை கட்டிக்கொண்டு யாராவது கல்யாணம் செய்துகொள்வார்களா என்று கேட்டேன். அவர்கள் தேசத்தில் அப்படித்தான் என்றாள் சின்னம்மா. அந்த அக்கா மிக உயரமாக இருந்திருக்க வேண்டும். கவுனின் விளிம்பு தரையில் ஒரு முழத்துக்குப் புரண்டு கிடந்தது.

மத்தியானம் சாப்பாடானதும் சின்னம்மா என்னைப் படுக்கச் சொல்லிவிட்டு வகுப்பறைக்குப் போய்விடுவாள். காம்பவுண்டில் ஈ காக்கை இருக்காது. ஓடுகள் வெயிலில் நெட்டி முறிக்கிற சத்தம் மட்டும் கேட்கும். சாயங்காலம் அவள் அடுப்பு மூட்டும்போது நான் போய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பேன்.

ஒரு நாள் பார்த்தபோது வெள்ளைக் கவுன் தரையில் புரளவில்லை. விளிம்பு தரையைத் தொட்டும் தொடாமலும் நின்றது. எனக்குத்தான் சரியாக நினைவில்லை என்று நினைத்தேன். அடுத்த முறை பார்த்தபோது அது தரையை விட்டு மேலே ஏறியிருந்தது. கீழே சாண் அகலத்துக்கு இருட்டு. பேய்க்குக் கால் பாவாது என்பது எங்கள் தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். நான் ஜன்னல் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓடினால் அதற்குத் தெரிந்துவிடும் என்று தோன்றியது.

அதோடு நிற்கவில்லை. அகன்றிருந்த தோள் ஒடுங்கியது. கையின் நீளம் குறைந்தது. மற்ற உடைகளெல்லாம் நேற்று நின்றபடியே நிற்க, அது மட்டும் உள்ளே ஆள் மெலிந்துகொண்டே வருவது போல் சுருங்கியது. ஒரு நாள் அந்தத் தோள் எனக்குத் தெரிந்த தோளாகிவிட்டது. ராத்திரி யாரைக் கட்டிக்கொண்டு தூங்குகிறேனோ அவளுடைய தோள்.

பள்ளி ஆயாவிடம் கேட்டேன். காம்பவுண்டைப் பெருக்குகிற வயதான கிறிஸ்தவப் பெண்மணி அவள். துடைப்பத்தை நிறுத்தாமலே, "அந்த ரூமாண்ட போவாத பாப்பா. அந்தத் தொரசானி செத்துப் பல வருசம் ஆவுது. ஆள் தேடிக்கினு இருக்குது" என்றாள். சொல்லிவிட்டுச் சின்னம்மாவின் வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். என்னை அங்கே அண்டவிடாமல் இருக்கச் சொன்ன பேச்சு அது. எனக்கு வேறு மாதிரி கேட்டது.

அன்று மத்தியானம் நான் படுக்கவில்லை. சின்னம்மா போன கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வெறுங்காலோடு சுடுமணலில் ஓடி வகுப்பறைக் கதவைத் தள்ளினேன். கடைசி மூங்கில் சட்டம் மொட்டையாக நின்றது. கவுன் அங்கே இல்லை. அறையின் மறு கோடியில், கண்ணாடிக்கு முன்னால் அது தனியாக நின்றுகொண்டிருந்தது. இப்போது விளிம்பு தரையைத் தொட்டது. அதற்குத் தலையும் இருந்தது. தலையிலிருந்து முகம் மறையக் கொசுவலை தொங்கியது.

அது என் பக்கம் திரும்பியது.

"கதவச் சாத்திட்டு வா" என்றது, சின்னம்மாவின் குரலில்.

சாத்தினேன். எப்படிச் சாத்தினேன் என்று இன்றும் தெரியவில்லை. வலைக்குள் சின்னம்மாவின் கண்கள் தெரிந்தன. அவள் கண்களில் அதுவரை நான் பார்த்திராத ஒரு பளபளப்பு. அவள் கையைத் தொட்டேன். சூடாகத்தான் இருந்தது. ஆனாலும் தைரியம் வரவில்லை. கழற்றிவிடு என்று அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். நன்றாக இல்லையா என்று கேட்டாள். நான் அழுதுகொண்டே, அந்தத் துரைசானி உன்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாளா என்றேன்.

சின்னம்மா வலையை விலக்கி என்னையே பார்த்தாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். "யாரும் என்ன கூட்டிக்கினு போவல கண்ணு. நானாதான் போறேன்" என்றாள். யாரிடமும் சொல்லக்கூடாது என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ராத்திரியில் அவள் புடவை முந்தானையை என் மணிக்கட்டில் முடிச்சுப் போட்டுக்கொண்டுதான் படுத்தேன். காலையில் முடிச்சு அவிழ்ந்திருக்கும். அவள் கிணற்றடியில் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருப்பாள்.

தம்பி பிறந்த சேதியோடு அப்பா வந்து என்னை அழைத்துப் போனார். சின்னம்மா ரயிலடி வரை வந்தாள். வண்டி கிளம்பும்போது என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பின்னால் கார்டு விசில் ஊதிய பிறகும் விடவில்லை. அப்பாவிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கூஜாவில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பள்ளிகள் திறந்து கொஞ்ச நாளில் அம்மாவின் அண்ணன், என் மாமா, திண்டிவனத்திலிருந்து வேர்க்க விறுவிறுக்க வந்தார். அப்பாவும் அவரும் கூடத்தில் அடங்கிய குரலில் பேசினார்கள். அறைக்குள் அம்மா தம்பியை மடியில் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். பிறகு எல்லோரும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். பால் கொடுக்கிற அம்மாகூட. எனக்கும் ஊற்றினார்கள். எதிர்வீட்டுத் தாத்தா செத்தபோது அவர்கள் வீட்டில் அப்படித்தான் குளித்தார்கள். ஈரத் தலையோடு, சின்னம்மாவுக்கு என்ன என்று மாமாவிடம் கேட்டேன்.

"சட்டைக்காரங்களோட போயிட்டா. அவ பேரு இனிமே இந்த வூட்ல வரக்கூடாது" என்றார்.

ரயில்வே காலனியில் இருந்த ஆங்கிலோ இந்தியர்களை எங்கள் ஊரில் சட்டைக்காரர்கள் என்று சொல்வார்கள். சின்னம்மா மணந்துகொண்டது அப்படி ஒருவரை, திண்டிவனம் வழியாகப் போய்வரும் பாசஞ்சர் வண்டியின் கார்டை. துரைசானியே அக்காவின் கவுனை அவளுக்குக் கொடுத்துத் தேவாலயத்தில் பக்கத்திலும் நின்றாராம். இதெல்லாம் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்த சட்டைக்காரர்கள், அந்த அறையில் தலையில்லாமல் வரிசையாக நின்றவர்கள் மட்டும்தான். அவர்கள் அவளைக் கொண்டுபோய்விட்டார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

தம்பிக்கு முடியிறக்கத் திருப்பதிக்குக் கிளம்பிய விடியற்காலை, விழுப்புரம் ஜங்ஷனில் வண்டிக்காகக் காத்திருந்தோம். அம்மா மூட்டைகளோடு பெஞ்சில் இருந்தாள். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நடந்தார். எஞ்சின் விட்ட புகை பிளாட்பாரத்தை மூடி மெல்லக் கலைந்தது. கலைந்த இடத்தில் ஒரு கவுன் நின்றது. நீலப் பூப்போட்டது, முழங்காலுக்குக் கீழே முடிந்தது. தலையில் தொப்பி. தொப்பிக்குக் கீழே சின்னம்மாவின் முகம்.

அவள் எங்களைப் பார்த்துவிட்டாள். கையை மெதுவாக, பாதி வரைக்கும் தூக்கினாள்.

"அப்பா, அங்க சின்னம்மா நிக்குது" என்றேன்.

அப்பா அந்தப் பக்கம் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"அங்க யாரும் இல்ல. நட."

என் கண்ணுக்கு மட்டும் தெரிகிறது என்றால் அவள் செத்துத்தான் போயிருக்கிறாள். திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். என் கையைப் பற்றியிருந்த அப்பாவின் கை உதறிக்கொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பெரியவர்களுக்கும் பேய் பயம் உண்டுபோல என்று நினைத்து, அவருக்குத் தைரியமாக இருக்கட்டுமென்று அந்தக் கையை நானும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.