கக்கூஸ் கதவில் எழுதின பேர்

என் பொண்ணுக்குக் கழுத்தில் புற்றுக் கட்டி. அறுத்து எடுத்தார்கள். மிச்சம் மீதி இருந்தால் அதையும் கொல்ல வேண்டும் என்று பின்னால் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். "வெளியில அயோடின் மாத்திரைன்னே சொல்லுங்கம்மா. இந்த வார்டு பேரைச் சொன்னா ஜனங்க மெரண்டுருவாங்க" என்று நர்சம்மா சொல்லித்தான் அனுப்பினாள். அந்த மாத்திரையின் கதிர் உடம்பில் இருந்து போகும் வரை கொஞ்ச நாள் தனியாகப் படுக்க வேண்டும், கக்கூஸும் தனியாக வேண்டும் என்றாள்.

பெங்களூர் நீலசந்திராவில் எங்கள் வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ரெண்டே கக்கூஸ். ஒன்றை எங்களுக்கு விடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. யாரிடமும் எதையும் கேட்டுப் பழகினவள் இல்லை நான்.

ஆஸ்பத்திரியில் இருந்து எங்களைக் கூட்டி வந்தவன் எதிர்வீட்டு ஆட்டோக்காரன். ஆஸ்பத்திரிச் சுவரில் கன்னடத்தில் 'அணு' என்று போட்டிருந்த போர்டைப் படித்துவிட்டான்.

அன்றைக்குச் சாயங்காலமே எங்கள் கதவை உதைத்தான். பின்னால் இன்னும் மூணு ஆம்பளைகள். எல்லாரும் எங்களைப் போல, தங்கச் சுரங்கம் மூடினதும் கோலார் தங்கவயலில் இருந்து வந்தவர்கள். கையில் தண்ணி பக்கெட்டு.

"அணுகுண்டை முழுங்கிட்டு வந்து படுத்திருக்கா! எங்க புள்ளைங்க சாவணுமா?"

மைன்ஸில் வெடி வைத்ததும் தூசி அடங்கப் பாறைமேல் தண்ணி அடிப்பார்கள். இவன்கள் அப்பன்மார் செய்த வேலை. அணுவும் அப்படி அடங்கும் என்று நினைத்தான்கள். பாயில் கிடந்தவள் மூஞ்சிமேல் பக்கெட் பக்கெட்டாக ஊற்றினான்கள். அவளுக்கு மூச்சு முட்டியது, அறுத்த கழுத்தில் கத்தக் குரல் இல்லை. ஒருத்தன் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, முடியைப் பிடித்து அவளை வாசலுக்கு இழுத்தான்.

காலி இரும்பு பக்கெட்டு ஒன்று என் காலடியில் உருண்டது. எடுத்து ஆட்டோக்காரன் முகத்தில் அடித்தேன். புருவம் பிளந்தது. மறுபடி அடித்தேன். பல் தெறித்தது. முடியைப் பிடித்தவன் விட்டுவிட்டான்.

"ஐயோ, அக்காவுக்குப் பைத்தியம் புடிச்சிருச்சு!" ஆட்டோக்காரன் பொண்டாட்டி அலறினாள்.

"கிட்ட வாடி. உனக்கும் இருக்கு."

அதைச் சொன்னது என் வாய்தான்.

போய்விட்டார்கள். நனைந்து நடுங்கினவளைத் துடைக்கப் போனேன். "வராதம்மா, தள்ளியே நில்லு" என்று கையால் காட்டினாள்.

விடிந்து பார்த்தால் ஒரு கக்கூஸ் கதவில் கரியால் பெரிசாக 'அணு' என்று எழுதி, கீழே மண்டையோடு போட்டிருந்தது. இனி அவள் அதற்குத்தான் போக வேண்டுமாம். வேறு யாரும் அந்தப் பக்கம் மிதிக்கவில்லை.

நர்சம்மா கேட்டதும் அதைத்தானே. நான் அழிக்கவில்லை. நடுவில் ஒரு மழை பெய்து எழுத்து மங்கியது. ஒரு கரித்துண்டைத் தேடி எடுத்துப்போய், அதன்மேலேயே நானும் இழுத்து எழுதினேன்.