மேல் பொத்தானுக்குள் மஞ்சள் நூல்

புவனா அக்கா போய்விட்டார் என்ற செய்தி எனக்கு ஆங்கிலத்தில் வந்தது. ஸ்காபரோவில் மீன்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அழைத்தவர் ரூத். ஸ்ரௌவ்வில் ஊரில் அக்கா குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி, எண்பதை நெருங்கும் மெனோனைட் கிறிஸ்தவப் பெண்மணி. காலைச் சாப்பாட்டுக்கு மேலே வரவில்லையே என்று பேஸ்மென்டுக்கு இறங்கிப் பார்த்தாராம். நித்திரையிலேயே உயிர் போயிருக்கிறது. ரூத் அழவில்லை, பதறவில்லை, அவருடைய சபைக்காரர் அப்படித்தான். கடைசியில் மட்டும் குரலைத் தாழ்த்தி, "அவளுடைய கழுத்தில் அது இருக்கிறது. நாங்கள் தொடவில்லை. நீ வருவாயா?" என்று கேட்டார். மீன் வாங்காமலே காருக்குப் போனேன்.

எங்கள் ஆட்கள் இறந்தால் முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு என்று ஒரு புத்தகம் அடிப்போம். படம், தேவாரம், பிறந்த ஊர், புகுந்த ஊர், பேரப்பிள்ளைகளின் பெயர்கள் எல்லாம் அதில் வரும். அக்காவுக்கு அடிக்க ஆளில்லை. அவர் போய்வந்த சபையில் அந்த வழக்கமும் இல்லை. ஆகவே நான் எழுதுகிறேன், அவரை அறிந்தவர்களுக்காக. அறிந்தவர்கள் என்றால், என்னோடும் அவரோடும் முதியோர் இல்லத்தில் துணி தோய்த்தவர்கள். பிறகு, நீளச் சட்டையோடு வீதியில் நடந்துபோன அவரைக் கண்டு "உது ஆர், எங்கட ஆள் மாதிரிக் கிடக்கு" என்று காருக்குள் இருந்து கேட்டவர்கள். இதைப் படித்துச் சிலருக்குக் கோபம் வரலாம். வரட்டும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் நகரத்துக்குள் பார்க்டேலில் ஓர் அறைக்குள் ஐந்தாறு பேராய்க் கிடந்தபோது, அக்கா நேரே ஸ்ரௌவ்விலில் வந்து இறங்கினார். அங்கே அப்போது சோளத் தோட்டங்களும் மாட்டுப் பட்டிகளும்தான். ஒரு சின்ன மெனோனைட் சபை அவரையும் கணவர் ஸ்ரீதரனையும் பொறுப்பெடுத்துக் கூப்பிட்டிருந்தது. விசா கிடைத்து, கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்த நேரம், பாண் வாங்கப் போன ஸ்ரீதரன் திரும்பி வரவில்லை. பொலிஸ், ஆமி முகாம் என்று அக்கா நிற்காத வாசல் இல்லை. கண்டதாகச் சொல்லவும் ஆளில்லை, செத்ததாகச் சொல்லவும் ஆளில்லை. விசா முடிவதற்குள் மாமியார்தான் "நீயாவது போய்ச் சேர்" என்று அவரை விமானத்தில் ஏற்றிவிட்டார்.

அந்தச் சபை கட்டுப்பாடான பிரிவைச் சேர்ந்தது. பெண்கள் கழுத்துவரை பொத்தான் பூட்டிய நீளச் சட்டை போடுவார்கள். ஞானஸ்நானம் பெற்றவர்கள் தலையில் வெள்ளைத் தொப்பி வைப்பார்கள். நகை கிடையாது. கல்யாண மோதிரம்கூடப் பெருமையின் அடையாளம் என்று விலக்கியிருந்தார்கள். ரூத்துக்குக் கல்யாணமாகி எவ்வளவோ காலம், விரலில் ஒன்றுமில்லை. "இது என்ன சனமக்கா?" என்று நான் சிரித்தேன். "அவவின்ர மனிசன் பக்கத்தில இருந்து சூப் குடிக்கிறார். அவவுக்கு என்னத்துக்கு மோதிரம்?" என்றார் அக்கா. அவர் சிரிக்கவில்லை.

அக்கா ஏன் அங்கேயே கிடந்தார் என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். சோத்துக்கு மதம் மாறிவிட்டார் என்று கதைத்தவர்களும் உண்டு. காரணம் அதுவல்ல. ஒவ்வொரு ஞாயிறும் அந்தச் சபை ஸ்ரீதரனுக்காகப் பெயர் சொல்லி ஜெபித்தது. வாய் கோணி "ஸ்ரிடாரன்" என்றுதான் சொல்வார்கள். "எங்கட சனம் அவற்ற பேரை எனக்கு முன்னால எடுக்கப் பயப்பிடுது மாலா. இவை கிழமைக்குக் கிழமை சத்தமாச் சொல்லினம். பிழையாத்தான் சொல்லினம், ஆனாச் சொல்லினம்" என்பார். அந்த ஒரு பெயரைக் கேட்பதற்காகவே அவர் பனிக்குள்ளும் விடாமல் போனார். போகப் போக அவர்களுடைய கடவுளும் அவருக்குப் பிடித்துப்போனார். அதை நான் மறைக்கப் போவதில்லை.

ஞானஸ்நானம் கேட்டார். அங்கேதான் மாட்டிக்கொண்டார். சபையில் சேருவதென்றால் தாலியைக் கழற்ற வேண்டும். சபையை நடத்தும் மூப்பர் நல்ல மனிதர், அதட்டிப் பேசத் தெரியாதவர். தங்கம் வேண்டாம், மனம் போதும் என்று வேதத்தைக் காட்டிச் சொன்னார். அவர்களுக்கு அது ஒரு நகை. எங்களுக்கு அது கழன்றால் புருஷன் செத்துவிட்டான் என்று அர்த்தம். நெற்றிப் பொட்டை அக்கா அன்றைக்கே விட்டுவிட்டார். "பொட்டை இண்டைக்கு அழிச்சா நாளைக்கு வைக்கலாம். இதைக் கழட்டினா அது செத்தவீடு. நானே கொள்ளி வைச்ச மாதிரி" என்றார்.

ஊரில் இருந்து மாமியார் வேறு. ஞாயிறு தவறாமல் அக்கா அவரோடு போனில் கதைப்பார். சுகம் விசாரிக்குமுன் அந்த மனுஷி கேட்பது ஒன்றுதான்: "கழுத்தில கிடக்கே?" ஓம் மாமி, கிடக்கு. பிறகுதான் மழை, ஆடு, பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம். 

ஒருநாள் அவருக்கு ஒரு யோசனை வந்தது. தங்கம்தானே அவர்களுக்குக் குத்துகிறது? தாலிக்கொடியை விற்று, அந்தக் காசை அதே சபை புதிதாகக் கூப்பிட்டெடுத்த வேறொரு அகதிக் குடும்பத்துக்குக் கொடுத்தார். மஞ்சள் நூலில் ஒரு துண்டு மஞ்சளைக் கோத்துக் கழுத்தில் கட்டினார். நூலைக் கட்டி முடிச்சுப் போட்ட பிறகுதான் கொடியைக் கழற்றியிருந்தார். கழுத்து ஒரு கணமும் வெறுமையாய் இருக்கவில்லை. அதைக் காட்ட மூப்பரிடம் போனபோது, மொழிக்குத் துணையாக என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மூப்பர் நூலைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது மனிதனுக்கு. "சகோதரி, நீ தங்கத்தை விட்டுவிட்டாய். ஆனால் விடமுடியாதது தங்கம் இல்லையே" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அக்கா கையைப் பிடித்து அழுத்தினார். வெளியே வந்ததும், "கொடுத்த காசைத் திருப்பிக் கேளுங்கோ! உந்த ஆளுக்கு நூலுக்கும் தங்கத்துக்கும் வித்தியாசம் தெரியாதோ?" என்று கத்தினேன். "அந்த மனிசனுக்கு எல்லாம் விளங்கிப்போச்சு மாலா. அதுதான் பிரச்சினை" என்றார்.

கடைசியில் ஓர் ஏற்பாடு வந்தது. நூல் வெளியே தெரியாதவரை அக்கா சபைக்கு வரலாம், கடைசி வரிசை வாங்குப் பலகையில் உட்கார்ந்திருக்கலாம். சேர்ந்தவர் ஆகமுடியாது, தொப்பி கிடையாது, திருவிருந்து அப்பமும் கிடையாது. அக்கா வாக்குக் கொடுத்து மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டார். அவர்களிடம் திருவிருந்து நாளில் பெண்கள் சோடி சோடியாக ஒருவர் காலை ஒருவர் கழுவும் வழக்கம் உண்டு. ஒருமுறை நான் போய்ப் பார்த்தேன். முன்னால் தண்ணீர்ச் சத்தமும் மெல்லிய பாட்டும். அக்கா பின் வாங்கில் சப்பாத்தைக் கழற்றாமல், மடியில் கையை வைத்துக்கொண்டு இருந்தார். நான் போகலாம் என்று சைகை காட்டினேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். ஸ்ரீதரனுக்கான ஜெபம் இன்னும் வரவில்லையாம்.

வருஷா வருஷம் மஞ்சள் கோத்த புது நூல் வாங்கிக் கொடுப்பது நான்தான். ஸ்காபரோ பிளாசாவில் பூசைச் சாமான் கடையில் வாங்கி, வேலைக்குக் கொண்டுபோவேன். உலர்த்தும் மெஷின்களுக்குப் பின்னால் நின்று, புதியதைக் கட்டியபின் பழையதை வெட்டுவார். நான் சும்மா இருப்பேனா? "அந்த மனிசன் இல்லையக்கா. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கழட்டி எறிஞ்சுபோட்டு அங்க முன் வாங்கில போய் இருங்கோ" என்று வருஷா வருஷம் சொல்வேன். "சரி, சொல்லிப்போட்டியெல்லே, இனி உந்தக் கத்திரிக்கோலைத் தா" என்பார்.

பிறகு ஸ்ரௌவ்விலில் சோளத் தோட்டங்கள் போய் வீடுகள் வந்தன. வீடுகளோடு எங்கள் சனமும் வந்தது. கேள்வி கேட்க ஆளில்லாத இடம் என்று அக்கா நினைத்திருந்த ஊரில், இடப்பக்கமும் வலப்பக்கமும் தமிழ்க் குடும்பங்கள். பொட்டில்லை, கழுத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆகவே விதவை என்று முடிவு கட்டிவிட்டார்கள். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுகூட ஒருவருக்கும் தோன்றவில்லை.

என் மகளின் கல்யாணத்துக்கு அக்கா ரூத்தோடு வந்திருந்தார். மேடையிலிருந்து தாலித் தட்டு இறங்கி, பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிக்க வரிசை வரிசையாக வந்தது. தட்டைக் கொண்டுவந்த சம்பந்தி வீட்டு அன்ரி அக்காவைத் தாண்டி அடுத்த கதிரைக்குப் போனார். நான் மேடையிலிருந்து, மைக் இல்லாமலே மண்டபம் கேட்க, "அன்ரி, அக்காவுக்கும் காட்டுங்கோ!" என்றேன். அன்ரி திரும்பி, "இல்லைப் பிள்ளை... அவ..." என்று இழுத்தார். அந்த வரிசை முழுக்க அக்காவின் கழுத்தைப் பார்த்தது. அக்காவின் கை மேல் பொத்தானுக்குப் போனது. ஒரு பொத்தானைத் திறந்து நூலை இழுத்துக் காட்டினால் போதும். ஆனால் பக்கத்தில் ரூத். சபைக்குக் கொடுத்த வாக்கு. கை பொத்தானிலேயே நின்றது. பிறகு, "தண்ணி குடிச்சிட்டு வாறன்" என்று எழுந்து போனார். 

மாமியார் இறந்த செய்தி வந்தபோது, இனியாவது அக்கா விடுபடுவார் என்று நம்பினேன். "இனிக் கேக்கிறதுக்கு ஆருமில்லையே, கழட்டலாமே" என்றேன். அக்கா என்மேல் கோபப்பட்டது அந்த ஒரு தடவைதான். "கேக்க ஆள் இருந்த வரைக்கும் மாமிக்காக எண்டு சொன்னனான். இனி ஆருக்காக எண்டு சொல்லுறது? நீ சொல்லு பாப்பம்!" ஈரத் துணி வண்டியை அப்படியே விட்டுவிட்டு வெளியே போய்விட்டார். 

இறுதிச் சடங்கு நிலையத்தில் ரூத்தும் நானும்தான் அக்காவுக்கு உடுத்தினோம். அவர்கள் சபையில் பெண்களே செய்வார்களாம். நடுவில் அக்காவின் பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பெண்மணி எனக்குப் போன் எடுத்தார். ஆளை நல்லவர் என்றுதான் சொல்லவேண்டும், பூவும் சேலையும் கொண்டுவரத் தயாராக இருந்தார். "அவவைச் சுமங்கலியா அனுப்பிறதோ, இல்லாட்டி மற்ற மாதிரியோ?" என்று கேட்டார். "மனிசியா அனுப்புறம்" என்று சொல்லி போனை வைத்தேன்.

சட்டை போட்டாயிற்று. மேல் பொத்தான் மட்டும் திறந்திருந்தது. உள்ளே நூல் வியர்வையில் கறுத்துப்போய், மஞ்சள் துண்டு தேய்ந்து ஒரு பல் அளவுக்கு இருந்தது. ரூத் என்னைப் பார்த்து, "நீ கழற்றினால் நான் தலையைப் பிடித்துக்கொள்கிறேன். விட்டால் நான் பார்க்கவில்லை" என்றார். சபையின் மயானத்தில்தான் அக்காவைப் புதைக்கப் போகிறார்கள், வாக்குக் கொடுத்தவர் போய்விட்டார், தடுக்க ஒருவருமில்லை. வருஷா வருஷம் கழற்றச் சொன்ன வாய் என்னுடையது. கைப்பைக்குள் இந்த வருஷத்துக்கு வாங்கிய நூல் கிடந்தது. எடுத்துக் கட்டி, முடிச்சுப் போட்டு, அதன் பிறகே பழையதை வெட்டினேன். ரூத் பொத்தானைப் பூட்டிவிட்டு, சட்டைக் கழுத்தை இரண்டு கையாலும் தடவி நேராக்கினார்.

அடுத்த ஞாயிறு ரூத் கேட்டதற்காகச் சபைக்குப் போனேன். கார் நிறுத்துமிடத்திலேயே என்னை மறித்தார். "இத்தனை வருஷமும் அவளுக்காக அவருடைய பெயரைச் சொல்லி ஜெபித்தோம். இனியும் சொல்லவா, விட்டுவிடவா? எங்களுக்குத் தெரியவில்லை. அவளுக்கு உன்னைத் தவிர ஒருவரும் இல்லை. நீ சொல்வதைக் கேட்கிறோம்."

விடுங்கள் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்த மனிதரை நான் கண்டதில்லை, போட்டோவில்கூடக் கண்டதில்லை. அவர் இல்லை என்று அடித்துச் சொன்னதும் நான்தான். ஆனாலும் "சொல்லுங்கோ" என்று தமிழில் சொல்லிவிட்டேன். ரூத்துக்கு விளங்கியது. கடைசி வாங்கில், அக்கா இருந்த மூலையில் போய் இருந்தேன். "ஸ்ரிடாரன்" என்றார்கள். ஸ்ரீதரன் என்று வாய்க்குள் திருத்திக்கொண்டேன்.

அக்கா எனக்கு விட்டுப்போனது அந்த மூலைதான். நான் சைவக்காரி, காதில் தோடும் கழுத்தில் கொடியுமாகப் போய் இருக்கிறேன், ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. நான் போகாத ஞாயிறு அந்தப் பெயரைச் சொல்வார்களா, மாட்டார்களா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் பயம். அதனால் இந்த ஞாயிறும் போகவேண்டும்.