உப்புத் துணி

வியாகுலம் அருமனைக்காரி. ஓடைத் தண்ணீரில் குளித்து வளர்ந்தவளை மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் ததேயுசுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பிடித்த பிடியை விடமாட்டாள் என்று மாமியார் மதலேனம்மாள் ஊரெல்லாம் குறைப்பட்டுக்கொண்டாள். அந்தப் பிடிவாதம்தான் குலத்தைக் காக்கப்போகிறது என்று பாவம், அவளுக்கு எப்படித் தெரியும்?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில் தலைச்சன் பிள்ளை பிறந்தான். தாயில்லாப் பெண் என்பதால் பேறுகாலம் மாமியார் வீட்டிலேயே நடந்தது. பிள்ளை அழவில்லை, இரண்டு வாய் சப்பிவிட்டு உறங்கிப்போனான். தங்கமான பிள்ளை என்று வந்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். வியாகுலம் மட்டும் துணி நனைந்ததா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பால் வயிற்றுக்குப் போனால் துணி நனைய வேண்டும், நனையாவிட்டால் பிள்ளை வற்றிக்கொண்டிருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். கேட்டபோதெல்லாம் மாமியார் துணியைத் தொட்டுப் பார்த்து, ஈரமாகத்தான் கிடக்கிறது என்று அடித்துச் சொன்னாள்.

நாற்பது நாள் கழியாமல் பேறுகாலத் துணியையும் பிள்ளைத் துணியையும் நல்ல தண்ணீர்க் கிணற்றடிக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது கரையின் கட்டுப்பாடு. கடலில்தான் அலசுவார்கள். உப்பேறிய துணி வெயிலில் மொடமொடவென்று காயும். நிழலுக்கு வந்து கடல்காற்றுப் பட்டதும் பிசுபிசுக்கும். அதிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு எந்த ஈரம் எதனால் என்று பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. வியாகுலத்துக்குத் தோன்றியது. பிள்ளை தொடாத துணி ஒன்றைத் தன் பாயின் ஓரத்தில் விரித்துவைத்தாள். சாயங்காலம் இரண்டையும் மாமியார் கையில் கொடுத்தாள்.

"இதுல பிள்ள கெடந்த துணி எது, சொல்லுங்க மாமி."

மதலேனம்மாள் மாற்றி மாற்றித் தடவினாள். இரண்டும் ஒன்றுபோலப் பிசுபிசுத்தன. முகம் செத்துப்போனது.

"கிணத்துத் தண்ணியில அலசித் தாங்க. இல்லேன்னா நானே போவேன்."

இவள் சொன்னால் செய்வாள் என்று மாமியாருக்குத் தெரியும். மறுநாள் விடிந்ததும் துணிமூட்டையோடு தானே கிணற்றடிக்குப் போனாள். பெண்கள் மறித்தார்கள்.

"தீட்டு எனக்கு வரட்டும். எனக்க பேரன் பெழைக்கணும்."

நல்ல தண்ணீரில் அலசி உலர்த்திப் பிள்ளைக்கு அடியில் விரித்த துணி மத்தியானம்வரை காய்ந்தபடியே கிடந்தது. அழுதுகொண்டிருக்க வியாகுலத்துக்கு நேரமில்லை. பேறுகாலக்காரிக்கு ஆகாது என்று ஒதுக்கியிருந்த கஞ்சித்தண்ணீரை, பால் ஊறட்டும் என்று சட்டியோடு குடித்தாள். உள்ளங்காலைச் சுண்டிச் சுண்டிப் பிள்ளையை எழுப்பிப் பால் கொடுத்தாள். உறங்கினால் மறுபடி எழுப்பினாள். சப்பத் தெம்பில்லாதபோது பாலைச் சங்கில் பீச்சி ஊற்றினாள். பாவம், உறங்கட்டும் என்று கெஞ்சிய மாமியாரை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் வெயில் தாழ்ந்த நேரம். பிள்ளை மதலேனம்மாளின் மடியில் கிடந்தான். அவள் பேச்சை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தாள். இடுப்பில் உடுத்திருந்த முண்டு நனைந்திருந்தது, சூடாக. கடல் ஈரத்துக்கு ஏது சூடு?

பிள்ளையை மருமகளிடம் கொடுத்துவிட்டு, முண்டை மாற்றாமல் அப்படியே மாதா கோயிலுக்கு நடந்தாள் மதலேனம்மாள்.