காலில் பெய்த மழை

பெரும்பாறையில் காப்பி பறித்துக்கொண்டிருந்த என் மனைவிக்கு வலது கால் தளர்ந்துகொண்டே வந்தது. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில், சதைக்குள் ஊசி விட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள். பயந்துவிடுவாள் என்று, ஒரே ஊசிதான் என்று சொல்லிவிட்டேன். பல்லைக் கடித்துக்கொள் என்றும் சொன்னேன். சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த எங்கள் சனத்துக்கு, அட்டை கடித்தாலும் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்டாலும் அது ஒன்றுதான் மருந்து.

நாலாவது ஊசியில் காலை உதறிவிட்டு இறங்கிவிட்டாள். பஸ்ஸில் என் பக்கம் திரும்பவே இல்லை. சோதனை முடியாமல் என்ன நோய் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

ஒரு மாதம் கெஞ்சி மறுபடி கூட்டிப்போனேன். அன்று சோதனை செய்ய வேறோர் அம்மா வந்தார்.

"போன தடவை என்னம்மா ஆச்சு?"

"ஒரு ஊசின்னாரு. இவருக்கு எண்ணத் தெரியாதுங்க. பல்லைக் கடின்னாரு, கடிச்சேன். இன்னும்தான் நொந்துச்சு."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். "உங்க சோலிதானா? பல்லைக் கடிச்சா காலும் இறுகும். இறுகுன சதையில குத்துனா வலி கூடும்ங்கய்யா."

நான் ஓரமாக நகர்ந்து நின்றேன்.

அவர் காலில் வெந்நீர்த் துணி போட்டார். ஏழு இடம் என்று முதலிலேயே சொன்னார். தோலை இழுத்துப் பிடித்து, "இருமுங்க" என்றார். இவள் இருமும்போதே ஊசி உள்ளே போய்விட்டது.

"குத்தியாச்சா?"

"ஆச்சு. காலை அப்படியே தொவள விட்டுடுங்க."

ஊசியின் ஒயர் போன பக்கத்துப் பெட்டியிலிருந்து பொட பொடவென்று சத்தம் வந்தது.

"வெளிய மழைங்களா?"

"இல்லம்மா. உங்க காலோட சத்தம்."

அவள் சிரித்தாள். "ஏங்க, நம்ம லயத்து வீட்டுத் தகரத்துல பேயுற மாதிரியே கெடக்கு."

கண்ணை மூடிக்கொண்டாள். கால் துவண்டது. மீதி ஆறுக்கும் இருமினாள், மழை கேட்டாள். அவ்வளவுதான்.

வெளியே வந்து அந்த அம்மாவிடம், "சத்தம் நல்லா வந்துச்சுங்களே?" என்றேன்.

அவர் கதவை ஒருக்களித்துச் சாத்தினார். "சும்மா கெடக்குற சதை சத்தம் போடக் கூடாதுங்கய்யா. மத்ததை டாக்டர் சொல்லுவாரு."

டாக்டர் சொன்னார். நரம்பு செத்துக்கொண்டு வருகிறது, காலோடு நிற்காது. மருந்து கிடையாது.

பஸ் வத்தலக்குண்டைத் தாண்டியதும் அவள் கேட்டாள். "என்னங்க சொன்னாங்க?"

"ஒண்ணுமில்ல. நல்ல மழையாம்."

"உங்களுக்கு இன்னும் எண்ண வரலை" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வருடம் போய்விட்டாள். லயத்துத் தகரம் அப்படியே இருக்கிறது. அதில் பெய்வதெல்லாம் அவள் காலில்தான் பெய்கிறது.

அது கேட்கும்போது நான் பல்லைக் கடிப்பதில்லை. ஒரு தடவை இருமுகிறேன்.